இந்திராணி காற்றாலை ஏறிய நாள்

பிப்ரவரி 7, புதன்

பெட்டி கட்டியாச்சு. நாளை மத்தியானம் விமானம். இந்த ஊரில் இருந்தது போதும் சாமி. பேத்தி பிறந்தாள், ஆதிரை என்று பெயர் வைத்தாச்சு, மகள் பிருந்தா எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டாள். பிரசவம் பார்க்க வந்த வேலை முடிந்தது. இனி இந்த நெதர்லாந்தில், உட்ரெக்ட்டில் எங்களுக்கு என்ன சோலி?

ஆனால் பிருந்தாவுக்கு வேறு நினைப்பு. "அம்மா மட்டும் இன்னும் ஒரு மாசம் இருக்கட்டும்ப்பா. விசாதான் இருக்கே" என்று சாப்பிடும்போது சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, குழம்புச் சட்டியைப் பார்த்துச் சொன்னாள். நான் யார்? போலீஸில் முடி நரைத்து இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். எவன் எங்கே பார்த்துப் பேசினால் எதை மறைக்கிறான் என்று எனக்குத் தெரியாதா? ஆத்தாளும் மகளும் கூடிப் பேசியிருக்கிறார்கள். "ரெண்டு பேரா வந்தோம், ரெண்டு பேரா போவோம்" என்று சொல்லிவிட்டேன். இந்திராணி இல்லாமல் நான் மட்டும் அருப்புக்கோட்டையில் போய் இறங்கினால் தெருவே கைகொட்டிச் சிரிக்கும்.

மாப்பிள்ளை கோகுல், வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை. பெண்டாட்டி சாப்பிட்ட தட்டைக் கழுவுகிறான். பார்க்கச் சகிக்கவில்லை.

இந்திராணிக்கு முழங்கைக்கு மேலே கன்றிப்போயிருக்கிறது. பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று மகளிடம் சொன்னாளாம். சரிதான். இந்த ஊர் பாத்ரூம் வழுக்கத்தான் செய்கிறது.

பிப்ரவரி 8, வியாழன்

விமானம் ரத்து. புயலாம். ஏர்போர்ட்டில் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மழை கல்லெறிகிற மாதிரி அடித்தது. நிறுத்தியிருந்த ஏணி வண்டி ஒன்று தானாக உருண்டு போய் இன்னொன்றில் மோதியதை என் கண்ணால் பார்த்தேன்.

கவுண்டரில் ஒரு சின்னப்பெண். "அடுத்த இடம் செவ்வாய்க்கிழமைதான் சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். சிரித்ததுதான் என்னைக் கிளப்பிவிட்டது. மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். அவள் வைத்திருந்த பேனா ஸ்டாண்டு துள்ளிக் கீழே விழுந்தது. உடனே இரண்டு தடியன்கள் வந்து என் இருபுறமும் நின்றார்கள். தொடவில்லை, நின்றார்கள், அவ்வளவுதான். கோகுல் ஓடிவந்து "சாரி, சாரி" என்று குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டான். எனக்காக அவன் மன்னிப்புக் கேட்கிறான்! என் ஸ்டேஷனில் ஒருத்தன் இப்படித் தலையைக் குனிந்து நின்றால் பிடரியில் ஒன்று போட்டு நிமிர வைப்பேன்.

இந்திராணியைத் திரும்பிப் பார்த்தேன். பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு நிம்மதி. அதை நான் கற்பனை பண்ணவில்லை. காரில் வரும்போது, "என்னடி, சந்தோஷமா?" என்று கேட்டேன். கண்ணாடி வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது பக்கம் உட்கார்ந்து கேட்டால் அவளுக்கு விழாது. அந்தக் காது மந்தம். பிறவியிலேயே அப்படி என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறோம்.

பிப்ரவரி 9, வெள்ளி

வெளியே தலை காட்ட முடியவில்லை. எதிர் வீட்டு ஓடு பறந்து வந்து கோகுலின் சைக்கிள் மேல் விழுந்தது. நாள் முழுக்க ஊளைச் சத்தம். குழந்தை வேறு கத்திக்கொண்டே இருந்தது. நாலு சுவருக்குள் அடைத்துவைத்தால் மனுஷனுக்குப் பைத்தியம் பிடிக்காமல் என்ன செய்யும்?

சாயங்காலம் இந்திராணி காபி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை. நின்றாள்.

"என்னங்க, இங்க பக்கத்துல ஒரு பழைய காத்தாடி மில்லு இருக்காம். முந்நூறு வருஷத்துக்கு மேல இருக்குமாம். காத்துலயே மாவு அரைக்கிறாங்களாம். சனிக்கிழமைதான் திறப்பாங்களாம். நாளைக்குச் சனிக்கிழமை. மாப்ள கூட்டிட்டுப் போறேங்கறாரு."

எனக்கு ஆச்சரியம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதைப் பார்க்கணும், அதை வாங்கணும் என்று அவள் வாயைத் திறந்ததில்லை. என்னிடம் வருவதற்கு முன்னால் மாப்பிள்ளையிடம் பேசி முடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்பதும் புரிந்தது. "கயத்தாறு பக்கம் பாக்காத காத்தாடியா?" என்றேன்.

"அது கரண்டு எடுக்கறது. இது மாவு மில்லு" என்றாள்.

அவள் அப்பா காரியாபட்டியில் மாவு மில் வைத்திருந்தவர். சரி, போகட்டும், பெரிய மனசு பண்ணுவோம் என்று நினைத்தேன். "கூட்டிட்டுப் போறேன். ஆனா பாத்துட்டு வந்து வாயை மூடிக்கிட்டு செவ்வாக்கிழமை என்கூட ஃப்ளைட் ஏறணும். மகளோட சேர்ந்துக்கிட்டு கூத்தடிக்கக் கூடாது."

"பாப்போம்" என்றாள்.

பாப்போமாம்! டம்ளர் என் கையில்தான் இருந்தது. அவளைப் பார்த்து எறியவில்லை, சுவரைப் பார்த்துத்தான் எறிந்தேன். காபி சூடாக இருந்தது. அவள் கழுத்தில் கொஞ்சம் பட்டுவிட்டது. பிருந்தா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். பெற்ற அப்பன் இருக்கும் வீட்டில் தாழ்ப்பாள்!

கோகுல் துணியை எடுத்துவந்து சுவரைத் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி 10, சனி

ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். ரயில் என்று பேர்தான். நடு வயலில் நிற்கிறது. தண்டவாளத்துக்கு மேலே ஓடும் கம்பியில் மரம் விழுந்துவிட்டதாம். ஸ்பீக்கரில் ஒருத்தன் என்னவோ சொல்கிறான். சுற்றியிருப்பவர்கள் எல்லாம் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி புஸ்தகத்தை எடுத்துக்கொள்கிறார்கள். ஒருத்தனுக்காவது ரோஷம் வேண்டாமா? நம் ஊராக இருந்தால் இந்நேரம் இன்ஜினை மறித்து உட்கார்ந்திருப்பான்.

பிருந்தா குழந்தையோடு வீட்டில். நானும் இந்திராணியும் கோகுலும்தான் போகிறோம். கதவுப் பக்கம் போய் அந்தச் சிவப்புப் பிடியை இழுத்துத் திறக்கப் பார்த்தேன். கோகுல் கையைப் பிடித்தான். "மாமா, அதைத் தொட்டா ஃபைன்." கையை உதறினேன். கொஞ்சம் வேகமாக உதறிவிட்டேன் போலிருக்கிறது, அவன் கண்ணாடி கழன்று விழுந்தது. எடுத்து மாட்டிக்கொண்டான். இவனை நம்பி எப்படித்தான் பெண்ணைக் கொடுத்தேனோ.

எதிரே ஒரு வெள்ளைக்காரப் பெண், காலேஜ் படிக்கிற வயது. இந்திராணி பையிலிருந்து ஆரஞ்சுப் பழத்தை எடுத்து உரித்து அவளுக்குப் பாதி கொடுத்தாள். எனக்குக் கொடுக்குமுன் அவளுக்கு! அந்தப் பெண் என்னவோ கேட்க, இவள் தெரிந்த இரண்டு இங்கிலீஷ் வார்த்தையை வைத்துக்கொண்டு "மில்லு, மில்லு, ஃபாதர் மில்லு" என்று சிரிக்கிறாள். கோகுல் எடுத்துக்கொடுக்கிறான். பேச்சோடு பேச்சாக, "அத்தை இன்னும் ஒரு மாசம் இங்கதான் இருப்பாங்க" என்று கோகுல் இங்கிலீஷில் சொன்னது என் காதில் விழுந்தது.

சால்வைக்கு அடியில் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். முறுக்கினேன் என்று சொல்ல முடியாது, பிடித்தேன். "எவன்டி முடிவு பண்ணது?" என்று மெதுவாகத்தான் கேட்டேன். அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட மாட்டாள், அது அவளுக்குப் பழக்கம். ஆரஞ்சுச் சுளை மடியில் விழுந்தது. அந்தப் பெண் சிரிப்பை நிறுத்திவிட்டு, சால்வையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இந்திராணியைப் பார்த்து "ஆர் யூ ஓகே?" என்றாள்.

"ஓகே, ஓகே" என்றாள் இவள்.

பார், எவ்வளவு துணிச்சல். அடுத்தவன் பெண்டாட்டியைப் பார்த்து ஓகேவா என்று கேட்கிற ஊர். அடியாத மாடு படியாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

ரயில் இனி நகராதாம். இறங்கி, வயல் ஓரமாக நடந்து, பஸ் பிடிக்கணுமாம். வீட்டுக்கே திரும்பலாம் என்றேன். இந்திராணி எழுந்து முதல் ஆளாகக் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

பேனாவையும் நோட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பெல்ட்டையும் கொடுத்துவிட்டார்கள். ஓட்டல் ரூமில் இருக்கிறேன். நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். எழுதினால்தான் யார் மேல் தப்பு என்று தெரியும்.

பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். இறங்கின ஊரின் பேர் வாயில் நுழையவில்லை. கால்வாய்க் கரையில் அந்தக் காற்றாலை நின்றது. அடிப்பக்கம் செங்கல், மேலே நாணல் வேய்ந்த உடம்பு, தொப்பி மாதிரி ஒரு தலை. நாலு சிறகும் சுற்றுகின்றன, ஒவ்வொன்றும் ஒரு தென்னைமர உயரம். கீழே வரும்போது வெட்டரிவாள் வீசின மாதிரி ஒரு சத்தம். சிறகுக்குப் பக்கத்தில் யாரும் போகாமல் கயிறு கட்டியிருந்தார்கள். அந்தக் காலத்தில் அதில் அடிபட்டுச் செத்த ஆட்களும் உண்டு, மாடுகளும் உண்டு என்று கோகுல் அங்கே இருந்த பலகையைப் படித்துச் சொன்னான். "இறங்கி வர்றப்ப அதுக்கு ஆள் தெரியாது மாமா" என்றான். அதை ஏன் என் முகத்தைப் பார்த்துச் சொன்னான் என்று இப்போது யோசிக்கிறேன்.

உள்ளே போனால் கட்டிடமே அதிர்கிறது. மேலே போக ஏணி. படிக்கட்டு என்கிறார்கள், அது ஏணிதான். செங்குத்தாக நிற்கிறது, பிடித்துக்கொள்ள ஒரு வடக்கயிறு. இந்திராணி சேலையை இழுத்துச் செருகினாள், கயிற்றைப் பிடித்தாள், விறுவிறுவென்று ஏறிவிட்டாள். நானும் நாலு படி ஏறினேன். முழங்கால் வலி. இறங்கிவிட்டேன். முழங்கால் வலிதான். கை வேர்த்ததற்குக் காரணம் உள்ளே போட்டிருந்த ஸ்வெட்டர்.

கீழே மாவு மூட்டைகளுக்கு நடுவில் தனியாக நின்றேன். மேலே பலகை இடைவெளியில் அவள் கால் தெரிந்தது. கோகுல் பேசுவது கேட்டது, இன்னொரு ஆம்பிளைக் குரலும் கேட்டது. மில் பார்த்துக்கொள்கிற ஆள், ஹென்க் என்று பேர், என் வயதிருக்கும். பிறகு சிரிப்புச் சத்தம். பெண் சிரிப்பு. முதலில் வேறு யாரோ என்றுதான் நினைத்தேன். இந்திராணி சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை.

"என்னடா அங்க?" என்று கத்தினேன்.

கோகுல் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தான். "ஒண்ணுமில்ல மாமா. குழாய்ல மாவு விழுது பாருங்க, அத்தை விரல்ல தேச்சுப் பாத்துட்டு இது கொரகொரன்னு இருக்கு, இன்னும் நைசா விழணும்னாங்க. அதைச் சொன்னேன். ஹென்க் அரைக்கிற மேல்கல்லை இறக்கிவிடறேன்னு சொல்லி அத்தை கையிலயே அந்தக் கயித்தைக் கொடுத்துட்டாரு."

"இறங்கி வரச் சொல்லு."

"இப்பத்தான மாமா..."

"இந்திராணி! இறங்குடி கீழ!"

மில் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது என்று யாரும் சொல்ல வேண்டாம். கேட்டது. ஓட்டை வழியாக அவள் முகம் தெரிந்தது. புருவத்தில், மூக்கில் எல்லாம் மாவு. இரண்டு குழந்தைகளோடு ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அவர்கள் முன்னால் அவள் சொன்னாள்:

"நீங்க ஏறி வாங்களேன். நல்லா இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் நான் ஏற முடியாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள். சொல்லிவிட்டு என் பதிலுக்குக் காத்திருக்காமல் இன்னும் ஒரு ஏணி மேலே ஏறிப் போனாள். கோகுலும் பின்னால் போனான். சிறகு சுற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில் வெளியே ஒரு பலகை மேடை இருக்கிறது. நான் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தேன். காற்றில் சேலை பறக்க நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்னை ஒரு பொருட்டாக அவள் மதிக்கவில்லை என்பது அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது. எத்தனை நாளாக மதிக்கவில்லை என்று யோசித்தேன். அது இன்னும் எரிந்தது.

அவள் இறங்கி வர நேரமானது. வாசலில் கால் வைத்ததும், அந்த முட்டாள் வாயால், "அப்பா இருந்தா பாத்துச் சந்தோஷப்பட்டிருப்பாரு" என்று கோகுலிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். கண்ணில் தண்ணீர். சந்தோஷத்தில்! கை ஓங்கியதுதான் எனக்குத் தெரியும்.

சின்னக் கைகலப்பு என்று எழுதலாம் என்று பார்த்தேன். எழுதினால் பொய். ஓங்கி விட்ட அறை. உள்ளங்கையைக் குவித்து, செவிட்டோடு சேர்த்து. ஸ்டேஷனில் அதற்கென்று ஒரு பக்குவம் உண்டு; அப்படி விட்டால் எதிரி உட்கார்ந்துவிடுவான். அவளும் உட்கார்ந்துவிட்டாள். தோடு தெறித்து எங்கேயோ விழுந்தது. காதிலிருந்து ரத்தம் வந்து மாவோடு சேர்ந்து கழுத்தில் இறங்கியது. அந்தக் குழந்தைகளில் ஒன்று வீறிட்டது. இரண்டாவது முறை ஓங்கினேன். கை இறங்கவில்லை.

கோகுல் பிடித்திருந்தான். இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அவ்வளவு பலம் அவனுக்கு எங்கிருந்து வந்தது? "விடுடா! மாமனார்டா!" என்றேன். "தெரியும்" என்றான். அதற்குள் மில்லுக்காரன் எங்கேயோ ஒரு கயிற்றை இழுத்தான். நாலு சிறகும் முனகிக்கொண்டு நின்றுவிட்டன. திடீரென்று சத்தமே இல்லை. அந்தக் குழந்தை அழுவது மட்டும் கேட்டது. இந்திராணி தரையில் உட்கார்ந்து, ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் தோட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். ஹென்க்கின் பெண்டாட்டி, ஒரு குண்டு அம்மா, வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

போலீஸ் வந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அப்பாடா, நம்ம ஆள் வந்துவிட்டான் என்று நினைத்தேன். ஓய்வு பெற்றபோது கொடுத்த அடையாள அட்டையைப் பர்ஸில் எப்போதும் வைத்திருப்பேன். நம் ஊரில் எந்தச் செக்போஸ்ட்டிலும் அதைக் காட்டினால் சல்யூட் வரும். எடுத்து நீட்டினேன். "ஐ ஆல்சோ போலீஸ். இன்ஸ்பெக்டர். சேம் டிபார்ட்மென்ட்." வந்தவன் இளைஞன். வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, மரியாதையாகத் தலையசைத்தான். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் பையைத் திறந்து அதற்குள் போட்டான். என் வாட்சையும் கழற்றச் சொன்னான்.

ஸ்டேஷனில் போனில் ஒரு மொழிபெயர்ப்பாளர். யாழ்ப்பாணத்துப் பெண்.

"ஐயா, நீங்கள் உங்கட மனுசிக்கு அடிச்சனீங்களோ எண்டு கேக்கினம்."

"அம்மா, இது குடும்ப விஷயம்னு சொல்லும்மா. புருஷன் பெண்டாட்டி. அடிக்கிற கைதான் அணைக்கும். அவளைக் கூப்பிடுங்க, ரெண்டு நிமிஷத்துல சமாதானமாப் போயிருவோம்."

அவள் அவர்கள் பாஷையில் சொன்னாள். நான் சொன்னதை முழுக்கத்தான் சொன்னாள் போல, அந்த இளைஞன் எழுதுவதை நிறுத்திவிட்டான்.

"உங்கட மனுசியோட வேற இடத்தில தனியாத்தான் கதைப்பினமாம், ஐயா. மற்றது, எத்தினை வருசமா அடிக்கிறனீங்கள் எண்டு கேக்கினம்."

எத்தனை பெண்களை எதிரில் உட்காரவைத்து, "புருஷன்தானம்மா அடிச்சான், ஊர்க்காரனா அடிச்சான்?" என்று கேட்டு வீட்டுக்கு அனுப்பிவைத்திருக்கிறேன். ஒருத்தியும் மறுபேச்சு பேசியதில்லை. இந்திராணியும் அப்படித்தான் சொல்லுவாள், வழுக்கி விழுந்தேன் என்பாள், கொஞ்ச நேரத்தில் என்னை விட்டுவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ராத்திரி முழுக்க விடவில்லை. கதவைச் சாத்தினார்கள். எத்தனையோ பேரை உள்ளே வைத்து நான் சாத்தின கதவுதான், சத்தம் புதிதல்ல. ஆனால் உள்ளே இருந்து கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது. பயந்துவிட்டேன். யாரும் இல்லாததால் எழுதுகிறேன்: பயந்துவிட்டேன்.

பிப்ரவரி 12, திங்கள்

பத்து நாளைக்கு அந்த வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்று போலீஸ் உத்தரவாம். மகள் வீடு! பேசவும் கூடாதாம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்; அவளும் அந்த மாப்பிள்ளையும் என்ன செய்தாலும் சரி, நான் கை ஓங்கினால் மட்டும் குற்றம்.

கோகுல் ஓட்டலுக்கு மாத்திரையும் சாப்பாடும் கொண்டுவந்தான். இந்திராணி செய்த சாம்பார் இல்லை, நாக்கில் வைத்ததும் தெரிந்தது. "மில்லுக்காரன்தான போன் பண்ணான்? அவன் என்னத்துக்கு நம்ம விஷயத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"நான்தான் மாமா பண்ணேன்."

"நீயா?"

"மேல மேடையில நிக்கும்போதே பண்ணிட்டேன். நீங்க கீழ நின்ன விதத்தைப் பாத்தேன். பயமா இருந்துச்சு. அத்தைதான் போலீஸெல்லாம் வேணாம்னாங்க, கொஞ்ச நேரம் இதைப் பாத்துட்டு இறங்கிக்கிறேன், என்ன நடக்குமோ நடக்கட்டும்னாங்க."

அப்படியென்றால் அடி விழும் என்று தெரிந்தே மேலே நின்றிருக்கிறாள். தெரிந்தே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு என்னவோ போல் இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் வீசினேன். கோகுல் இந்தத் தடவை துடைக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான். நானே துடைத்தேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

ஏர்போர்ட்டில் இதை எழுதுகிறேன். விமானம் மறுபடி தாமதம். பனிமூட்டமாம்.

காலையில் வந்ததிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். டிக்கெட் இரண்டு பேர் பேரிலும் இருக்கிறது. வந்துவிடுவாள் என்று தெரியும். இந்த வயதில் தனியாக எங்கே போவாள்? காய்கறிக் கடைக்குப் போனாலும் என்னிடம் கேட்டுவிட்டுப் போகிறவள்.

கோகுல் என் பெட்டியோடு வந்தான். ஒரு பெட்டி. அவனுக்கு நாலைந்து எட்டுப் பின்னால் இந்திராணி. காதில் பெரிய கட்டு, பிருந்தாவின் நீலக் கோட்டு. துப்பாக்கி வைத்த ஏர்போர்ட் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் நிற்கிற தூண் பக்கமாகப் பார்த்து நின்றுகொண்டாள். "வரக் கூடாதுன்னுதான் மாமா சொன்னேன். அத்தை கேக்கல" என்றான் கோகுல்.

நான் கிட்டே போகவில்லை. அந்தத் துப்பாக்கிக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். நின்ற இடத்திலிருந்தே கேட்டேன். "என்னடி, வரலையா?"

"வரல."

"விசா முடிஞ்சா என்ன பண்ணுவ?"

"மதுரையில அக்கா இருக்கா. வரச் சொல்லீட்டா."

தூணை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் சொன்னாள். எனக்கு முதலில் வந்தது கோபமில்லை. அழுகைதான் வந்தது. அத்தனை பேர் நடுவில் அழுதுவிடுவேனோ என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற தூரம்தான். கை அப்படியே தொங்கியது.

"ஊர்ல கேட்டா என்னடி சொல்றது?" என்றேன்.

அவள் தலையைத் திருப்பி, கட்டில்லாத பக்கத்தைக் காட்டினாள். அதுதான் பழைய மந்தக் காது. அதில் விழவில்லை. நல்ல காதில்தான் கட்டு. நான் மறுபடி கத்திக் கேட்க வேண்டியிருந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

"அடிச்சேன், அதான் வரலைன்னு சொல்லுங்க" என்றாள்.

சொல்லிவிட்டு உடனே போகவில்லை. நான் உள்ளே போகும்வரை நின்றாள். எதற்கு நின்றாள் என்று தெரியவில்லை. நான் போய்விட்டேனா என்று உறுதிபண்ணிக்கொள்ளத்தான் இருக்கும்.

பிப்ரவரி 15, வியாழன்

வீடு வந்து சேர்ந்தேன். கதவைத் திறந்ததும் ஒரே தூசி. அடுப்படியில் எது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. காபித் தூளைத் தேடி டப்பா டப்பாவாகத் திறந்தேன். கிடைக்காத கோபத்தில் இரண்டைப் போட்டு உடைத்தேன். கூட்டுவதற்கு ஆள் இல்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டு டீச்சர் செண்பகம் மதில் பக்கமாக வந்தாள். இருபது வருஷமாகப் பக்கத்து வீடு. எங்கள் படுக்கையறையும் அவர்கள் படுக்கையறையும் ஒரே சுவர்.

"வந்துட்டீங்களா சார்? அக்கா எங்க?"

இந்திராணி சொல்லிக்கொடுத்த பதில் நாக்கு வரைக்கும் வந்தது. அப்படியே முழுங்கிவிட்டேன்.

"பின்னால வர்றா. ஃப்ளைட் லேட்டு" என்றேன்.

டீச்சர் என்னைப் பார்த்தாள். அப்புறம் பின்னால் திறந்துகிடக்கும் கதவு வழியாக, அடுப்படியில் சிதறிக்கிடந்த கடுகையும் பருப்பையும் பார்த்தாள். "எவ்வளவு லேட்டு?" என்று கேட்பாள் என்று நினைத்தேன்.

"மெதுவாவே வரட்டும் சார்" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெகுநேரம் மதில் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.